அப்பாவின் ராமென் சூப்பும் அம்மாவின் உடோனும்

கேள்வி: சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட் பக்கம் இருக்கிறோம். சனிக்கிழமை இரவு என்றால் வீட்டுக்கு அருகே உள்ள கடைத்தொகுதியில் ஒரு ஜப்பானிய உணவகத்தில்தான் சாப்பாடு. என் ஒன்பது வயது மகன் ஆரம்பித்து வைத்த பழக்கம், இப்போது அவனைவிட என் அப்பாவுக்குத்தான் அதிகம் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு வயது 67. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. அழுத்தத்துக்கு அம்லோடிபைன், லோசார்டன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபிசைடு சாப்பிடுகிறார். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் பார்த்தபோது அழுத்தம் 156/90. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பாவோ, "உலகத்திலேயே அதிக நாள் வாழ்றவன் ஜப்பான்காரன், அவன் சாப்பாட்டுல என்ன குறை?" என்று ராமென் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தூக்கிச் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார். ஞாயிறு காலையில் கால் வீங்கியிருக்கிறது. அம்மா சுத்த சைவம். அவருக்கு வழக்கமாகக் காய்கறி போட்ட உடோன் நூடுல்ஸ்தான் வாங்குவோம். அந்தச் சூப்பிலும் மீன் இருக்கும் என்று போன வாரம் என் தோழி சொன்னாள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லலாமா? இனி அங்கே போவதையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிச் சாப்பிடும் ஒரு மாலை எல்லா வீட்டுக்கும் அமைவதில்லை. மருத்துவர் சொன்னதற்காக அதைப் பறித்தால், அப்பா அந்த ராமெனைத் தனியாகப் போய்ச் சாப்பிடத்தான் வழி செய்வீர்கள். என்னிடம் வரும் பெரியவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கடை அப்படியே இருக்கட்டும், வாங்கும் தட்டை மாற்றுவோம்.

அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். ஜப்பானியர் நீண்ட நாள் வாழ்கிறார்கள், சரி. எப்போதிலிருந்து, எப்படி என்று அவரிடம் சொல்லுங்கள். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணமாக இருந்தது பக்கவாதம். அதிலும் வடகிழக்கே அகிதா போன்ற பனிப் பிரதேசங்களில் நிலைமை மிக மோசம். குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய், உப்பு மீன், மீசோ என்ற புளித்த சோயா விழுது என்றே சாப்பிட்டு, அங்கே ஒரு ஆள் ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் கீழே. அதாவது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி.

மலைநாடான நாகானோ மாநிலத்திலும் இதே கதைதான். 1980களின் தொடக்கத்தில் அங்கே உப்புக் குறைப்பு இயக்கம் ஒன்று தீவிரமாக நடந்தது. ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் மீசோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று கருவி வைத்து அளந்து காட்டினார்கள். சூப்பில் காயைக் கூட்டு, ஊறுகாயைச் சின்னத் தட்டில் வை, நூடுல்ஸ் சாப்பிட்டால் சூப்பை மிச்சம் வை என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண், பெண் இருபாலாரின் சராசரி ஆயுளிலும் ஜப்பானிலேயே நாகானோவுக்குத்தான் முதலிடம். மருந்தும், நல்ல மருத்துவ வசதியும், வயதான பின்பும் வயலில் இறங்கி வேலை செய்ததும் அதற்குத் துணையாக இருந்தன. ஆனால் உப்பைக் குறைக்காமல் அந்த இடத்துக்கு அவர்கள் வரவில்லை. ஆகவே, ஜப்பான்காரர்போல வாழ விரும்பும் அப்பா அந்தச் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தால், அங்கேயும் பலர் மிச்சம் வைக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இப்போது அந்த உணவகத்தின் மெனுவை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிண்ணம் ராமெனில் சாதாரணமாக 5 முதல் 7 கிராம் வரை உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதற்குமான அளவு ஒரே கிண்ணத்தில் முடிந்துவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் சூப்பில்தான் இருக்கிறது என்பது நமக்குச் சாதகம். நூடுல்ஸ், முட்டை, மூங்கில் குருத்து, கீரை எல்லாம் சாப்பிட்டுச் சூப்பை ருசி பார்க்க நாலைந்து கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டால் உப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும். உப்பு குறைவாக இருக்கும் என்று ராமெனில் வகை மாற்றிப் பார்க்க வேண்டாம். சோயா, மீசோ, வெள்ளை எலும்புச் சூப் எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். சூப்பில் வரும் உடோனும் இதற்குச் சளைத்ததல்ல. பார்க்கத் தெளிவாக, இளநிறமாக இருப்பதால் அது லேசான உணவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு கிண்ணத்தில் 5 கிராம் உப்பு சாதாரணம்.

இதே தவறுதான் சோயா சாஸிலும் நடக்கிறது. ஜப்பானிய சோயா சாஸில் நிறம் குறைந்த வகைதான் உப்பு கூடியது. கறுப்பு வகையில் சுமார் நூற்றுக்குப் பதினாலரை பங்கு உப்பு என்றால், இளநிற வகையில் பதினாறு. ஒரு மேசைக்கரண்டி கறுப்பு சோயா சாஸிலேயே இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. மேசையில் 'உப்பு குறைந்தது' என்று எழுதிய குப்பி இருந்தால் நல்லதுதான், ஆனால் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். சில வகைகளில் சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அப்பா சாப்பிடும் லோசார்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் மருந்து. சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஆபத்தாகலாம். வீட்டில் சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்று யோசித்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? அப்பாவுக்கு நான் தேர்ந்தெடுப்பது வறுத்துப் பொரிக்காமல் நெருப்பில் வாட்டிய மீன் வரும் செட். கானாங்கெளுத்தி அல்லது சால்மன், ஒரு கிண்ணம் சோறு, மீசோ சூப், கொஞ்சம் ஊறுகாய், ஓரமாக ஒரு காய். பெரும்பாலான கடைகளில் இது இருக்கும். ஆனால் வருவதையெல்லாம் அப்படியே சாப்பிட்டால் இந்த நல்ல பிள்ளையும் காலை வாரிவிடும். மீனில் உப்புத் தூவி வாட்டியிருப்பார்கள், மீசோ சூப்பில் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம், ஊறுகாயில் கொஞ்சம், மீனோடு வரும் துருவிய முள்ளங்கியின் மேல் ஊற்றும் சோயா சாஸில் கொஞ்சம். கூட்டிப் பார்த்தால் இதுவும் 5 கிராமைத் தொட்டுவிடும். ஊறுகாயை அப்படியே வைத்துவிடலாம். அதில் சிவப்பாக ஒரு உப்புப் பழம் இருந்தால் அதை அவசியம் ஒதுக்கணும், பழைய முறையில் போட்டது என்றால் அந்த ஒரு பழத்திலேயே சுமார் 2 கிராம் உப்பு. முள்ளங்கித் துருவலில் சோயா ஊற்றாமல் எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம், மீனுக்கு அதுவே நன்றாக இருக்கும். மீசோ சூப்பில் உள்ள டோஃபுவையும் கடற்பாசியையும் எடுத்துச் சாப்பிட்டுச் சூப்பில் பாதியை விட்டுவிடட்டும். இப்படிச் செய்தால் பாதி உப்போடு எழுந்து வரலாம்.

நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் நாளில் குளிர்ந்த சோபா நூடுல்ஸ் வாங்கிக் கொடுங்கள். மூங்கில் தட்டில் நூடுல்ஸ் தனியாகவும், தொட்டுக்கொள்ளும் சாறு சின்னக் கோப்பையில் தனியாகவும் வரும். நுனியை மட்டும் தொட்டுச் சாப்பிடுவதுதான் அதன் முறையும்கூட. உப்பு எவ்வளவு என்பது அவர் கையில் இருக்கும். கடைசியில் நூடுல்ஸ் வேகவைத்த வெந்நீரை அந்தச் சாற்றில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கோப்பையில் மிஞ்சிய உப்பு முழுவதும் அதோடு உள்ளே போய்விடும்.

இனிப்புச் சோயா சாறு பூசி வாட்டிய தெரியாக்கி, ஜப்பானியக் கறி, ரொட்டித் தூளில் பொரித்த கட்சு, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவை உள்ளே வைத்து மடக்கிய சூஷி உருளை இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றும் உள்ளவை. எப்போதாவது இரண்டு துண்டு பேரன் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

உப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் சர்க்கரை பின்வாசல் வழியாக வந்துவிடும். பெல்ட்டில் வரும் சூஷியைச் சோறு என்றே யாரும் நினைப்பதில்லை, மீன் என்றுதான் நினைக்கிறார்கள். ஒரு துண்டின் அடியில் 18 முதல் 20 கிராம் சோறு இருக்கிறது. அந்தச் சோற்றில் வினிகரோடு சர்க்கரையும் உப்பும் கலந்திருக்கிறார்கள். தட்டுக்கு இரண்டு துண்டு, ஐந்து தட்டு என்றால் சுமார் 200 கிராம் சோறு, ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து. ஐந்தாறு இட்லிக்குச் சமம். இட்லி என்றால் மூன்றோடு நிறுத்தும் அப்பா, சூஷி என்றால் ஐந்தாவது தட்டுக்கும் கை நீட்டுவார். மேசையில் அடுக்கும் தட்டுகளே கணக்குச் சொல்லும் என்பது ஒரு வசதி. அவருக்கு மூன்று தட்டு, பசி அடங்காவிட்டால் சோறில்லாத பச்சை மீன் துண்டு ஒரு தட்டு, ஆவியில் வேகவைத்த முட்டைக் கிண்ணம் ஒன்று. சூஷியைச் சோயாவில் தொடும்போது திருப்பி, மீன் பக்கத்தைத் தொடச் சொல்லுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் பஞ்சாக உறிஞ்சிக்கொள்ளும். மாட்டிறைச்சியோ கோழியோ மேலே போட்டு வரும் சோற்றுக் கிண்ணங்களில் 250 கிராம் சோறு இருப்பது சாதாரணம், மேலே ஊற்றிய இனிப்புச் சாறும் சோற்றுக்குள் இறங்கியிருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும் என்றால் பாதிச் சோறு கேளுங்கள். பல கடைகளில் ஆர்டர் செய்யும் பலகைக் கணினியிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். உட்கார்ந்தவுடன் எடமாமே வாங்குங்கள். தோலோடு அவித்த பச்சை சோயாப் பயறு அது. நூறு கிராம் பயறில் பதினோரு கிராமுக்கு மேல் புரதமும், ஐந்து கிராம் அளவில் நார்ச்சத்தும் இருக்கும். மேலே உப்புத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலில் அது, பிறகு காய், பிறகு மீன், கடைசியில் சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. ஜப்பானில் முறைப்படி பரிமாறும் விருந்துகளிலும் சோறும் சூப்பும் கடைசியில்தான் வரும். அப்பாவிடம் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒரு சனிக்கிழமை சோற்றுக் கிண்ணம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, இன்னொரு சனிக்கிழமை மீன் செட் சாப்பிட்டு அதேபோல் ஒரு முறை பார்க்கட்டும். நான் இங்கே எழுதுவதை அவர் நம்பாவிட்டாலும் அந்த எண்ணை நம்புவார்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. அப்பா கிளிபிசைடு சாப்பிடுகிறார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்று மருந்தகத்தில் சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஜூரோங் கடைத்தொகுதிகளில் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, வரிசை எண் வாங்கி, முக்கால் மணி நேரம் நின்று, பிறகு ஆர்டர் கொடுத்து உணவு வர இன்னும் இருபது நிமிடம் என்றால், அதற்குள் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்வை, கை நடுக்கம், எரிச்சலான பேச்சு, தடுமாற்றம் இவை வந்தால் பசியில் கோபப்படுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், மேசையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு போடுவது பாதுகாப்பு. இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று மருந்தாளரிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். அறிகுறி தெரிந்தாலோ அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, சர்க்கரை உள்ள சோடா அரை டின்னோ உடனே கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள். பேரனுக்கும் இதைச் சொல்லி வைக்கலாம், ஒன்பது வயதில் புரியும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுக்க நேர்ந்தால், நட்டோ என்ற புளித்த சோயாவை அவர் தொடவே கூடாது. அதில் உள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையை முறித்துவிடும். இதைப் படிக்கும் வேறு வீடுகளில் வார்ஃபரின் எடுப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இனி அம்மா.

உங்கள் தோழி சொன்னது சரி. ஜப்பானியச் சமையலில் பெரும்பாலான சூப்புக்கும் சாறுக்கும் அடிப்படை தாஷி என்ற அடிச்சாறு. கொம்பு என்ற கடற்பாசியும், கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலும் சேர்த்து எடுப்பது அது. அந்த மீன் வேறெதுவும் இல்லை, நம் சூரை மீன்தான். அவித்து, புகையில் வாட்டி, கட்டைபோல் காயவைப்பார்கள். தெற்குக் கடற்கரையிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று நாம் இடித்துச் சம்பலில் போடுவதும் அதே மீன்தான். சில கடைகள் நெத்திலி போன்ற சின்ன உலர்மீன்களையும் சேர்க்கும். மீன் துண்டு கண்ணில் படாததால் காய்கறி உடோன் சைவமாகத் தெரிகிறது. பரிமாறுபவரும் பொய் சொல்லவில்லை, மேலே உள்ளதை வைத்துச் சொல்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. தெரிந்தால் வருத்தப்படுவார், இத்தனை நாள் தெரியாமல்தானே சாப்பிட்டார், இனிமேல் மாற்றிக்கொடுத்தால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அம்மாவின் சைவம் அவர் தேர்ந்தெடுத்து, எத்தனையோ கல்யாண வீட்டிலும் பயணத்திலும் பசியோடு இருந்தும் காப்பாற்றி வந்த ஒன்று. அதைப் பற்றிய செய்தியை அவரிடமிருந்து மறைக்க நமக்கு உரிமை கிடையாது. மறைத்து வைத்து, நாளை வேறு யாரோ வாய்தவறிச் சொல்லி, அன்றைக்கே உங்களுக்கும் தெரிந்திருந்தது என்று அவர் அறிந்தால், அந்த வருத்தம் மீனைப் பற்றியதாக இருக்காது.

எப்படிச் சொல்வது என்றால், கடைக்குப் போகும் வழியில் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம். வாரநாளில் வீட்டில் இருவரும் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். "அம்மா, அந்த உடோன் சூப்புல மீன் சாறு சேர்ப்பாங்களாம், எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது, விசாரிக்காம வாங்கிக் கொடுத்துட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். 'துளிதானே', 'அதெல்லாம் பார்த்தா வெளியே சாப்பிட முடியுமா' என்ற பேச்சு எடுக்க வேண்டாம். அப்பாவையும் எடுக்க விடாதீர்கள். அடுத்து என்ன செய்வது, ஒரு விரதம் இருப்பதா, கோவிலுக்குப் போவதா, விட்டுவிடுவதா என்பது அவர் மனசைப் பொறுத்தது. நீங்கள் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் தொடர்ந்து வரத் தயார் என்றால், அந்தக் கடையில் அவருக்கு எது சரிப்படும், எது சரிப்படாது என்பதை இப்படிப் பாருங்கள். மீசோ சூப், உடோன் சூப், சோபா தொடுசாறு, டெம்புரா தொடுசாறு, பொரித்த டோஃபு மிதக்கும் சாறு எல்லாவற்றிலும் தாஷி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு டோஃபுப் பையில் சோறு அடைத்து வரும் இனாரி பார்க்கச் சைவம், ஆனால் அந்தப் பையைத் தாஷியில் வேகவைத்திருக்க வாய்ப்பு அதிகம். கடற்பாசிக் கூட்டும் அப்படித்தான். ஜப்பானியக் கறியில் காய் மட்டும் மிதந்தாலும், அதைக் கரைத்துச் செய்யும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது வழக்கம். இதை அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை, மாட்டிறைச்சி சாப்பிடாத மற்றவர்களும் கவனிக்க வேண்டியது. எள் சாலட் சாறிலும் மயோனைஸிலும் முட்டை இருக்கலாம், டெம்புரா மாவிலும் அப்படியே.

தைரியமாக வாங்கக்கூடியவை குறைவு, ஆனால் வயிறு நிறையும். எடமாமே. வெள்ளரிக்காய் உருளை, அவகாடோ உருளை, இவற்றை மயோனைஸ் இல்லாமல் கேளுங்கள். குளிர்ந்த டோஃபு நல்ல உணவு, ஆனால் மேலே மீன் சீவல் தூவி வரும். அதைப் போடாமல், கடையின் சாறும் ஊற்றாமல், இஞ்சித் துருவலும் வெங்காயத் தாளும் மட்டும் வைத்துக் கொடுக்கச் சொல்லி, மேசையில் உள்ள வெறும் சோயா சாஸைச் சில சொட்டு விட்டுக்கொள்ளலாம். குப்பியில் தாஷி கலந்த சோயா வைக்கும் கடைகளும் உண்டு, லேபிளைப் பாருங்கள். வாட்டிய காளானும் கத்தரிக்காயும் உப்பு மட்டும் போட்டுத் தருவார்கள். சுடச் சுட வெள்ளைச் சோறு. காய்கறி டெம்புரா வேண்டுமென்றால் மாவில் முட்டை உண்டா, இறால் பொரித்த எண்ணெயா என்று இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். விலங்குப் பொருள் எதுவும் சேராத ராமென் என்று தனியாக மெனுவில் போட்டிருக்கும் கடைகளும் இப்போது இருக்கின்றன. அங்கே சூப்பைக் கொம்பு, உலர்ந்த காளான், சோயாப் பால் போன்றவற்றில் எடுப்பார்கள். பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாகச் சமைக்கும் முறையும் இதுதான். மீனும் இறைச்சியும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. கொம்பில் மட்டும் எடுத்த சாறு சப்பென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1908இல் டோக்கியோவில் கிகுனாயே இக்கேதா என்ற வேதியியலாளர், உமாமி என்று சொல்லும் ஆழ்ந்த சுவைக்குக் காரணமான குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததே இந்தக் கடற்பாசியிலிருந்துதான்.

கேட்கும்போது 'இது சைவமா' என்று கேட்டு நிறுத்தாதீர்கள். மீன், இறால், இறைச்சி, முட்டை, தாஷி, மீன் சீவல், எதுவும் சூப்பாகவோ சாஸாகவோ பொடியாகவோகூட வேண்டாம் என்று கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள். கூட்டம் குறைந்த வாரநாள் மதியம் ஒருமுறை நேரில் போய்ச் சமையலறையில் கேட்டுச் சொல்லச் சொன்னால் சரியான பதில் கிடைக்கும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கேட்டால் தலையாட்டிவிட்டு ஓடுவார்கள், அவர்கள் நிலை அப்படி. இவ்வளவும் செய்த பிறகும், மீன் வாசனை நடுவே எனக்கு வேண்டாம் என்று அம்மா சொன்னால் வற்புறுத்த வேண்டாம். ஒரு வாரம் ஜப்பானியக் கடை, மறு வாரம் அம்மா சொல்லும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் உப்புக்கும் அது நல்லது.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சூஷியும் எடமாமேயும் விரும்பிச் சாப்பிடும் பிள்ளை என்றால் நல்லதே. குடிக்க யுசு என்ற எலுமிச்சை வகைச் சோடா வாங்குவதற்குப் பதில் பச்சைத் தேநீரோ தண்ணீரோ போதும். சோயா சாஸ் குப்பியை மட்டும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கடைசியாகக் கால் வீக்கம். ராமென்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும், உண்மைதான். ஆனால் அம்லோடிபைன் மாத்திரையே பலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். இதயமோ சிறுநீரகமோ சொல்லும் செய்தியாகவும் அது இருக்கலாம். மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றாலும் இந்த மாதத்துக்குள் காட்டிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வாரத்தில் ஒரு வேளை ராமென் மட்டும் 156ஐக் கொண்டுவராது என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற இருபது வேளையிலும் வீட்டில் என்ன நடக்கிறது? மோர் சாதத்துக்கு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, தட்டில் ஓரமாக வைக்கும் உப்பு, மதியம் உணவங்காடி நிலையத்தில் மீ சூப். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் சிங்கப்பூரர் ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் சோடியம் சராசரி 3,620 மில்லிகிராம், அதாவது சுமார் 9 கிராம் உப்பு. அது ஜப்பானியக் கடையில் மட்டும் சேர்ந்ததல்ல.

ஒரு வாரம் மட்டும் அப்பா சாப்பிடுவதையெல்லாம், ஊறுகாய் உட்பட, எழுதி வையுங்கள். அதே வாரம் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு வீட்டிலேயே அழுத்தம் பார்த்து, ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும், கால் வீக்கம் எந்தெந்த நாள் இருந்தது என்ற குறிப்பையும், கிளிபிசைடு பற்றிய கேள்வியையும் எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கேயே உணவியல் ஆலோசகரையும் பார்க்கப் பரிந்துரை கேட்டால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள், மகள் வந்து சொல்வதைவிட அவரே நேரில் கேட்பதுதான் நிற்கும்.